நடுக்குரல்

வாஷிங்டன் மாநிலத்து மழைக்காட்டோரம் ஒரு மர அறுவை மில்லில் டெல்லா ஹாகனுக்கு வேலை. ஆனால் அவள் உயிரை வைத்திருந்தது அண்ணன் ராய்ஸும் அவன் மனைவி வின்னியும் அவளுமாகப் பாடிய மூவர் குழுவில். அவன் அடிக்குரல், வின்னி மேல்குரல், இரண்டையும் ஒட்டவைப்பது டெல்லாவின் நடுக்குரல்.

பன்னிரண்டு வருடம் ரம்பத்தின் பக்கத்தில் காதடைப்பான் இல்லாமல் நின்றாள். அதன் இரைச்சலைச் சுருதியாக வைத்துப் பாடிப் பழகினாள், பைத்தியக்காரி! போன குளிர்காலத்தில் இடது காது போயிற்று. வலது காதும் மங்கிக்கொண்டே வந்தது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் ராய்ஸ் அழுதுவிட்டு வேறு ஆள் தேடுவான். பாட்டு இல்லாத டெல்லா யாரென்று அவளுக்கே தெரியாது. மேடையில் அண்ணன் முதுகில் கைவைத்து, அந்த அதிர்வைப் பிடித்துக்கொண்டு பாடினாள். பாசம் என்று நினைத்து ரசிகர்கள் உருகினார்கள்.

நவம்பரில் ஒரு பகல், குன்றுக்குள் புதைந்த பழைய கான்கிரீட் தண்ணீர்த்தொட்டியில் ஒலிப்பதிவு செய்ய இறங்கினார்கள். உள்ளே ஒரு சுரம் அடங்க அரை நிமிடமாகும்.

லாந்தர் வெளிச்சத்தில் அண்ணன் உதடுகளையே டெல்லா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆளுக்கொரு மூலைக்குப் போங்க. விளக்கு உஸ்ஸுங்கறது பதிவுல விழும், அணைக்கப் போறேன்," என்றான் ராய்ஸ்.

"எலி கடிச்சா கத்தலாமா?" என்றாள் வின்னி.

"கத்து, சுருதியோட கத்து. டெல்லா, எதிரொலி முழுசா அடங்கினதும் நீ கைதட்டு. உனக்குத்தான் பாம்புக் காது."

டெல்லா தலையாட்டினாள்.

விளக்கு அணைந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு பாடினாள். நெஞ்சு அதிர்ந்ததே தவிர, வேறொன்றும் அவளிடம் வந்து சேரவில்லை. நான்கு சரணமும் முடித்தாள். முந்திக்கொண்டால் பதிவு பாழ் என்று பயந்து, அறுபதுவரை எண்ணிவிட்டுக் கைதட்டிக் கண் திறந்தாள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இருவரும் ஓரடி தூரத்தில், அவள் எதிரே நின்றார்கள். முதல் சரணத்திலேயே வின்னிக்குத் தொண்டை கட்டி, ராய்ஸ் நிறுத்தச் சொல்லியிருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கூப்பிட்டு ஓய்ந்திருந்தார்கள்.

ராய்ஸ் சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றான். அவன் தோள் அசைவதிலிருந்து ஏதோ பேசுகிறான் என்று டெல்லாவுக்குப் புரிந்தது. அசைவு நின்றதும், பதிலுக்குக் காத்திருக்கிறான் என்பதும் புரிந்தது. துணிந்து ஒரு பதிலைச் சொன்னாள்.

"நல்லாத்தான் வந்துச்சு. இன்னொரு தடவ பாடலாமா?"

வின்னி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பாட்டுத்தாளின் பின்பக்கத்தில், அவன் கேட்டதை எழுதி நீட்டினாள்.

"நான் பேசறது உனக்குக் கேக்குதா, டெல்லா?"