குளத்தில் போட்ட வைக்கோல்

எழுபதுகளின் கடைசியில், சாரம் என்ற ஊரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த குளத்தை மூடப்போவதாக ஓர் அதிகாரி வந்து சொன்னபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. குளம் நாறியது உண்மைதான். மேலே பச்சைப் பாசி. கீழே முழங்கால் சேறு. ஆனால் குளத்தில் தண்ணீர் நின்றால்தான் எங்கள் கிணறு இனிக்கும். குளம் வற்றிய ஒரு கோடையில் கிணறு உப்புக் கரித்து, பருப்பு வேகாமல், குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தவள் நான். மண்ணடித்து மூடிவிட்டால் ஆயுசுக்கும் அந்த அலைச்சல்தான்.

"கார்த்திகை மழை முடியட்டும். அப்பவும் இப்படியே இருந்தா லாரி வரும்" என்றார் அதிகாரி.

என் வீட்டுக்காரருக்கு மில்லில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. பிளீச்சிங் பவுடருக்கு அடங்காத அழுக்கு உலகத்திலேயே கிடையாது என்பது அவர் எண்ணம்.

"மூட்டையா வாங்கிப் போட்டா பளிச்சுனு ஆயிடும். நீ பேசாம இரு."

கூட்டாளிகளோடு போய்க் கொட்டியும்விட்டார். தண்ணீர் கொஞ்ச நாள் பளிச்சென்றுதான் இருந்தது. மீன்கள் செத்து மிதந்தன, அழுகின. பிறகு பாசி முன்னைவிடத் தடிப்பாக வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு சோறு தின்றோம். அவரிடம் நான் முகம் கொடுத்தே பேசவில்லை.

பாசி ஏன் இப்படி வளர்கிறது என்று நானே கரையில் நின்று பார்த்தேன். வினை எங்கள் தெருவிலேயே இருந்தது. மில்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டை மொடமொடவென்று நிற்கவேண்டும், இல்லாவிட்டால் மானம் போய்விடும். துணிக்குப் போட்டு மீந்த கஞ்சியெல்லாம் வீடு தவறாமல் குளத்துக்குத்தான் போனது. பாசிக்கு நாங்களே விருந்து வைத்திருக்கிறோம்! இன்னொன்றும் கண்ணில் பட்டது. பால்காரர் வீட்டு வைக்கோல் போர் சரிந்து, தண்ணீரில் ஊறிக் கிடந்த மூலையில் மட்டும் பாசி இல்லை.

கஞ்சியை வாழைக்கு ஊற்றுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டேன். கோடையில் தண்ணீர் இறங்கியதும் பெண்கள் சேர்ந்து சேறு வாரினோம். வண்டல் கிடைக்கிறது என்று தெரிந்ததும் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து அள்ளிப் போனார்கள். மழை வந்து குளம் நிறைந்ததும், கழி நட்டு, வைக்கோலைக் கட்டுக் கட்டாகக் கட்டி மிதக்கவிட்டேன்.

"குப்பைய எடுக்கச் சொன்னா குப்பையப் போடறியா?" என்று சிரித்தார் வீட்டுக்காரர்.

"சிரிங்க. உங்க பவுடர் லட்சணத்தத்தான் பார்த்தமே!"

பாசி திட்டுத் திட்டாகக் கலைந்தது, முழுதாகப் போகவில்லை. அழுகிய கட்டுகளை எடுத்துவிட்டுப் புதுக் கட்டு போட்டேன். கைகாலெல்லாம் அரிப்பு. விடவில்லை. ஒருநாள் வீட்டுக்காரரும் கழி நடக் குளத்தில் இறங்கினார். கஞ்சி போடாத அவர் சட்டை தொளதொளவென்று தொங்கியது. அன்றைக்குத்தான் அவரிடம் பழையபடி பேசினேன்.

மழை ஓய்ந்ததும் செம்மண் லாரி வந்து நின்றது. அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"இன்னும் பச்சையாத்தானம்மா இருக்கு?"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் இறங்கினேன். தண்ணீர் தொடைவரை வந்தது.

"சார், குனிஞ்சு பாருங்க. என் கால்ல மெட்டி தெரியுதா?"

அவர் குனிந்தார். டிரைவரும் வந்து குனிந்தார்.

"ரெண்டு கால்லயும் தெரியுதும்மா" என்றார் அதிகாரி.

லாரி மண்ணோடு திரும்பிப் போனது. நான் கரையேறாமல் தண்ணீரிலேயே நின்று அழுதேன்.