பாக்கியம் அக்காவின் மீன் செதில் கல்

சென்ற கிழமை கிளிநொச்சிக்குப் போனேன்... கல் பொறுக்க.

சிரிக்காதீர்கள். கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் என் நண்பர் ஒருவருக்கு அதுதான் வேலை. இரும்பு என்பதே தெரியாத காலத்து மனிதர் கல்லை உடைத்துச் செய்த கருவிகளைத் தேடுகிறவர். இரணைமடுக் குளத்துப் பக்கத்தில், சரளைக் கல் கலந்த கிறவல் மண்ணில் அவை கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, துணைக்குப் பள்ளிக்கூட வாத்தியாரான என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

நாங்கள் போனது குடியேற்றத் திட்டத்தில் கந்தையா அண்ணனின் காணிக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி, இப்போதுதான் இரண்டாவது போகம் கண்டவர். கிணறு வெட்டியபோது வந்த கிறவல் வீட்டு வளவில் குவியலாகக் கிடந்தது.

"கிணறு வெட்டேக்க கூரான வெள்ளைக் கல்லுகள் ஏதும் வந்ததோ அண்ணை?" என்று கேட்டேன்.

"இல்லை. ஒண்டுமே வரேல்லை."

பதில் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது. எனக்கே சந்தேகம்.

அந்த நேரம் பார்த்துக் கிணற்றடியில் சர்... சர்... என்று ஒரு சத்தம். அண்ணனின் மனைவி பாக்கியம் அக்கா மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். கையில் கத்தி இல்லை. கண்ணாடித் துண்டு போல மினுங்கும் ஒரு சின்ன வெள்ளைக் கல்.

நண்பர் அப்படியே பக்கத்தில் குந்திவிட்டார்.

"அக்கா, உது எங்கை எடுத்தனீங்கள்?"

"கிணத்து மண்ணுக்கதான். கத்தியிலும் பார்க்க நல்லாச் செதில் போகுது."

கந்தையா அண்ணனின் முகம் வாடிவிட்டது. என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மாஸ்டர், பழைய சாமான் கிடக்கெண்டு எழுதினா அரசாங்கம் காணியைத் திருப்பி எடுத்துப்போடும் எண்டு சனம் கதைக்குது. இன்னும் பெர்மிட் காணிதானே, சொந்தமா எழுதித் தரேல்லை. பொய் சொன்னதுக்குக் குறை நினையாதேங்கோ."

குறை நினைக்க என்ன இருக்கிறது? காட்டை வயலாக்கியவருக்குத்தானே காணியின் அருமை தெரியும்? விஷயத்தை நண்பரிடம் சொன்னேன்.

"எனக்குக் காணி வேண்டாம் அண்ணை. இந்தக் குவியலைக் கிளற விட்டால் போதும். வயலிலை கை வைக்கமாட்டன்" என்றார் அவர். சொன்னதோடு நில்லாமல் எழுதியும் கொடுத்தார். அண்ணன் அதை இரண்டு தரம் வாசித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்த பிறகுதான் சிரித்தார்.

நண்பர் அக்காவை மறுபடியும் சுரண்டச் சொன்னார். பெருவிரல் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் அழுத்துகிறார் – எல்லாவற்றையும் குறிப்பெடுத்தார். இத்தனை வருடமாகக் கல்லை மட்டும் பார்த்தவர் அவர். கல்லைப் பிடித்த கையைப் பார்ப்பது இதுவே முதல் தடவை.

"கன ஆயிரம் வருசத்துக்கு முந்தி ஒருவன் செய்தது அக்கா."

"ஒருவனோ?" அக்கா கல்லைத் திருப்பிப் பார்த்தார். "என்ர கைக்கு அளவாயெல்லோ கிடக்கு. பொம்பிளை ஒருத்திதான் செய்திருப்பா."

எனக்குத் தெரிந்த புத்தகங்களில் அப்படி ஒருத்தி இல்லை. ஆதி மனிதன் என்றாலே வேட்டைக்காரன் படம்தான். அவன் கொண்டுவந்ததைத் துப்புரவாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது யாராம்?

மத்தியானம் அந்த மீனில் வைத்த குழம்போடு சோறு. வயிறும் நிறைந்தது, மனமும் நிறைந்தது. புறப்படும்போது அக்கா கல்லைக் கழுவித் துடைத்து நீட்டினார்.

"கொண்டுபோங்கோ. எனக்குக் கத்தி கிடக்குத்தானே."

நண்பர் அதை ஒரு கடதாசி உறையில் போட்டுப் பேனாவைத் திறந்தார். "கண்டெடுத்த ஆளின்ர பெயர்?"

"கந்தையா எண்டு போடுங்கோ" என்றார் அண்ணன். இப்போது பயமெல்லாம் போய்விட்டது.

"நான் எடுத்த கல்லெல்லோ" என்றார் அக்கா, சட்டியைக் கழுவியபடியே.

எழுத்து என்ற ஒன்றே இல்லாத காலத்துக் கல் அது... இப்போது அதன் உறையில் 'பாக்கியம்' என்று எழுதியிருக்கிறது.