இரண்டு இஸ்பேட் ராணிகள்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அடுத்தவர் எழுதும் கணினி நிரல்களில் குற்றம் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்ட நான் என் மாமியாருக்காக எழுதிய சீட்டாட்டத்தில் இரண்டு இஸ்பேட் ராணிகள் இருந்தார்கள். அதைவிட வெட்கக்கேடு, அவர் சொன்னபோது, கண்ணாடியை மாற்றுங்கள் என்று நான் சொன்னது.

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் அவரோடு சீட்டாடியவர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளிடம் போய்விட, எதிரில் உட்கார ஆளில்லாமல் போயிற்று. அந்த நாற்காலிக்கு என் பழைய மடிக்கணினியை நியமித்தேன். ஒரே கட்டு, கணினியோடு ஆடும் ரம்மி. சில நாளிலேயே தொலைபேசி வந்தது. "மாப்பிள்ளை, உங்க கம்ப்யூட்டர் களவாணித்தனம் பண்ணுது. என் கையில இருக்கற சீட்டே கட்டுலேருந்தும் வருது." நான் ஓர் இரவு முழுக்க ஆடிப் பார்த்தேன். ஒரு சீட்டும் இரண்டாகவில்லை. கண்ணாடி யோசனை அப்போது உதித்ததுதான். அவர் கண்ணாடியையும் மாற்றவில்லை, பேச்சையும் மாற்றவில்லை.

விஷயம் மைத்துனர் காதுக்குப் போனது. அம்மாவின் மோட்டார் சைக்கிள் சாவியைப் பறிக்க அவர் காரணம் தேடிக்கொண்டிருந்த நேரம். பசாரோ கோயிலோ, மாமியார் யாரையும் கேட்காமல் போய்வந்தது அந்த வண்டியில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனர், நோயாளியிடம் பேசும் குரலில், "அம்மா, வயசாச்சு. இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியுது. சாவியக் குடுங்க, டாக்டரப் பாத்துட்டுப் பேசுவோம்" என்றார்.

மாமியார் சாவியை எடுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார். "மொதல்ல அந்தக் கம்ப்யூட்டர டாக்டர்கிட்ட காட்டு லா. அது சொன்னா நெசம், நான் சொன்னா வயசா?"

எல்லோரும் நிபுணனான என்னைப் பார்த்தார்கள். "வாய்ப்பே இல்ல அத்தே" என்றேன். மாமியார் ஆட உட்கார்ந்தார். கட்டிலிருந்து இழுத்ததில் இஸ்பேட் ராணி வந்தாள். அந்நேரம் பார்த்து அடுப்பில் குழம்பு பொங்க, மடிக்கணினியின் மூடியைப் படக்கென்று சாத்திவிட்டு எழுந்தார்.

"ஏன் மூடுறீங்க?"

"எந்திரிச்சா சீட்டக் கவுத்து வெக்கணும். இல்லாட்டி அது எட்டிப் பாத்துராது?"

சோதித்தபோது நான் ஒருமுறைகூட மூடியைச் சாத்தவில்லை. கணினி எட்டிப் பார்க்காது என்று படித்திருந்தேன் அல்லவா. திரும்பி வந்தவர் திறந்து, வேறொரு சீட்டைக் கழித்தார். கணினி அதையே எடுத்துக்கொண்டது. பிறகு கட்டிலிருந்து இழுத்தார். மறுபடியும் இஸ்பேட் ராணி! மூடினால் தூங்கிவிடும் கணினி, விழித்ததும், கடைசியாகக் கொடுத்த சீட்டைக் கொடுத்ததையே மறந்து மீண்டும் கட்டுக்குள் செருகியிருந்தது. அந்த வீட்டில் ஞாபகமறதி இருந்தது உண்மைதான். ஆளைத்தான் நாங்கள் மாற்றிப் பிடித்துவிட்டோம். ஆனால் எங்களில் யாருக்கும் அவரை நம்பிப் பார்க்கலாம் என்று தோன்றவில்லை. வயது என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை என்பது எவ்வளவு வசதி!

சாவி இன்றும் மாமியாரிடம்தான். மைத்துனர் "வயசு" என்று வாயெடுத்தால், "ராணியக் கூப்பிடவா?" என்கிறார்.

பிழையைத் திருத்திய கையோடு, இனி ஒரே ஒரு இஸ்பேட் ராணிதான் என்று அவரிடம் பெருமையாக அறிவித்தேன். ஓர் ஆட்டம் பொறுமையாக ஆடி முடித்தார். மூடியைச் சாத்தினார்.

"ராணியெல்லாம் சரியாத்தான் இருக்கா மாப்பிள்ளை. ஆட்டந்தான் மொதல்லேருந்தே நல்லால்ல லா."