பலகைக்குப் பூசிய பட்டை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆவடி பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். வெயில் தாங்காமல் ஒரு சின்னத் தொழிற்கூடத்து வாசலில் ஒதுங்குகிறேன். உள்நாட்டில் செய்த சோலார் பலகைக்குத்தான் மானியம் என்று டில்லி சொன்னதை நம்பி, ஆறு பெண்களோடு இதில் இறங்கியிருக்கிறார் முதலாளி அமுதா. சீனப் பலகையோடு போட்டி போடவேண்டிய முதல் பலகை வெயிலில் சாய்ந்து நிற்கிறது, கண்ணாடி முழுக்க விபூதிப் பட்டையோடு.

வாங்க வந்த இஞ்சினியர் மீட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார்.

"கரண்ட் பாதிகூட வரலியேம்மா. ஆர்டர் கஷ்டம்."

பெண்கள் ஆறு பேரும் அமுதாவைப் பார்க்கிறார்கள்.

எட்டாவதோடு படிப்பை விட்ட நான், ராமநாதபுரத்தில் சோலார் பலகை துடைத்து இரண்டு மாதம் சாப்பிட்டவன்.

"அக்கா, பட்டை வெயில மறைக்குது. துடைச்சுப் பாருங்க."

"சாமிக்குப் பூசினத தொடைக்கச் சொல்றியே, இன்னா நைனா நீ!"

"பலகைக்கு வெயில்தான்கா சாமி."

அமுதா ஒரு கணம் யோசிக்கிறார். கன்னத்தில் போட்டுக்கொண்டு விபூதியை உள்ளங்கையில் வழித்தெடுக்கிறார். மிச்சத்தை முந்தானையால் துடைக்கிறார். மீட்டரில் எண் ஏறுகிறது. இஞ்சினியர் சிரித்தபடி ஆர்டரில் கையெழுத்துப் போடுகிறார்.

கையெழுத்துக்குக் குனிந்த அவர் நெற்றியில் உள்ளங்கை விபூதியை அழுத்திப் பூசுகிறார் அமுதா.

"உங்க மேல வெயில் படலன்னாலும் பரவால்ல சார்."