சோலைக்குத் தெரிந்த பெயர்

சின்னப்பொண்ணு போய்விட்டார் என்று அவர் மகன் போனில் சொன்னபோது, நான் பக்கத்து ஊரான கொட்டச்சேட்டில் காப்பிப் பழம் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "அம்மா ஊத்துக்கிட்ட உக்காந்தமேனிக்கே போயிட்டாங்க மாமா," என்றான். குடம் நிறைந்திருந்ததாம். முகம் மட்டும் மேட்டுப்பக்கம், மரங்களைப் பார்த்துத் திரும்பியிருந்ததாம். டாக்டர் மாரடைப்பு என்றார். சின்னப்பொண்ணுவின் ஊரான செம்மநத்தத்தில் யாரும் டாக்டரோடு வாதாடவில்லை. என் பாழாய்ப்போன கை பழத்தைக் கிளறிக்கொண்டே இருந்தது.

உங்களில் பலருக்கு அவரைச் சோலைக் குழுவின் தலைவியாகத் தெரியும். எனக்கு அதற்கும் முன்னால், எஸ்டேட்டில் நான் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தபோதே தெரியும். நான் வேலையாட்களிடம் சத்தம் போட்டால், "ஏனுங்க ரைட்டரே, காலங்காத்தால என்னத்தத் தின்னீங்க, இத்தனை கடுகடுப்பு?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைப்பார். எனக்கு எரிச்சலாக வரும். பிறகு நானும் சிரித்துத் தொலைப்பேன். ஊருக்கு மேலே உள்ள சோலையை யாரோ வேலி போட்டு அடைக்கப்போவதாகப் பேச்சு வந்தது. அந்தச் சோலையிலிருக்கும் ஊற்றைவிட்டால் ஊருக்கு வேறு தண்ணீர் கிடையாது. சட்டப்படி சோலை ஊருக்கே உரிமை என்று மனுப் போட வைத்தவர் அவர்தான். எழுத்து வேலைக்கு என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

அந்தச் சோலைக்குள் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஊ" என்று கூவினால் "ஊ" என்று பதில் வரும், அவ்வளவுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குப் பதில் கொடுத்தவரின் பெயரைச் சோலை பிடித்துக்கொள்ளும், என்றைக்காவது அதுவே கூப்பிடும், போனவர் திரும்பமாட்டார் என்பது ஊராரின் நம்பிக்கை. சின்னப்பொண்ணுவின் அண்ணன் தேனெடுக்கப் போய் அப்படித்தான் பதில் சொன்னாராம். கூடை மட்டும்தான் கிடைத்தது. என் குடும்பம் மலைக்குக் கீழேயிருந்து பிழைக்க வந்தது. நான் இதையெல்லாம் கேலி பேசுவேன்.

மனுவை விசாரிக்க அதிகாரி வருகிறார் என்றதும், ஊற்றடியிலேயே கூடிவிடலாம் என்று ஊர் மொத்தமும் சொல்லிவிட்டது. அங்கே பெயர் வாசித்து ஆஜர் எடுப்பார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதிகாரி சின்ன வயசுக்காரர். பட்டப்பகலில் பனி இறங்கி, பக்கத்தில் நிற்பவர் முகம்கூடத் தெரியவில்லை. அவர் பெயர் பெயராக வாசித்தார். சுற்றிலும் மூச்சுவிடும் சத்தம் கேட்டது, பதில் மட்டும் இல்லை.

"எல்லாரும் இங்கதான் நிக்கறாங்க சார்," என்றேன்.

"அவங்கவங்க வாயால சொல்லணும். தலைவியாவது சொல்லட்டும். இல்லேன்னா யாரும் வரலைன்னு எழுதிட்டுப் போறேன்," என்றார். அப்படி எழுதினால் மனு அன்றோடு முடிந்தது. அவர் தலைவியின் பெயரை மறுபடி வாசித்தார்.

"இருக்கறனுங்க," என்றார் சின்னப்பொண்ணு. அடுத்த நொடி, மேலே மரங்களுக்குள்ளிருந்து அதே குரல் இன்னொரு தரம் "இருக்கறனுங்க" என்றது. எதிரொலி சார் என்று நான் சமாளித்தேன். எத்தனையோ வருஷமாக அங்கே கூவியிருக்கிறோம், ஒருநாளும் எதிரொலி வந்ததில்லை.

"எம்பேரு போயிருச்சு சாமி. மத்தவங்களை ஊட்டு நம்பரு சொல்லிக் கூப்பிடுங்க," என்றார் அதிகாரியிடம். அந்தப் பையன் நல்லவன், அப்படியே செய்தான். வீட்டு எண்ணுக்கு ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். சோலை ஊருக்கே என்று உத்தரவும் பின்னால் வந்தது.

அதற்குப் பிறகு அவர் சோலைக்குப் போவதை நிறுத்துவார் என்று நினைத்தேன். தினமும் போனார். நானும் கூடப் போன ஒருநாள் பாதி வழியில் நின்று காதைச் சாய்த்தார். என்ன அம்மணி என்றேன்.

"கூப்பிடுதுங்க. எங்கண்ணன் கொரலுல."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"சோலி கெடக்குது, அப்புறம் வாரேன்னு சொல்லிப்போடுவேன்."

"பயமா இல்லையா?"

"நொம்பப் பயமுங்க. அதுக்காக ஊத்த உட்டுப்போட முடியுமா?"

அவர் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

காரியம் முடிந்த மறுநாள் காலை எல்லாரும் ஊற்றுக்குப் போனோம். பனி இருந்தது. பெண்கள் குடத்தை வைத்துக் குனியும்போது, மேலிருந்து "ஊ" என்று ஒரு கூவல் வந்தது. எங்களுக்குப் பழகிய சின்னப்பொண்ணுவின் குரல். எங்கள் அத்தனை பேர் பெயரும் அவருக்குத் தெரியும், ரைட்டரே என்றே கூப்பிட்டாலும் என் பெயரும் தெரியும். யார் பெயர் வரப்போகிறதோ என்று நின்றோம். எந்தப் பெயரும் வரவில்லை. மறுபடியும் "ஊ" மட்டும் வந்தது. பயந்துகொண்டே நாங்களும் கூவினோம்.

அங்கே போன பிறகும் அவர் எங்களில் ஒருவரையும் சோலைக்குக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் நினைவாக உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால், என் பெயர் இருக்கிறது என்பேன்.