பக்கத்து வீட்டில் நின்ற பிரிட்ஜ்

எங்கள் வீட்டுக்கு பிரிட்ஜ் வந்தது என் சடங்குக்கு. மாமா சீர்வரிசையோடு அதையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். போடியிலிருந்து மலையுச்சியில் உள்ள மெட்டுக்குப் போகும் வழியில், அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் தெரு. பெண்கள் விடிவதற்கு முன் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஏறிப் போய், பொழுது சாயும்போது இறங்கி வருவார்கள். அந்தத் தெருவில் எங்கள் வீட்டில் மட்டும்தான் பிரிட்ஜ். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. எனக்கு அம்மாவைவிட ஒரு பிடி அதிகம்.

நான் பன்னிரண்டாவது முடித்த வருடம் அதே பிரிட்ஜ் தொல்லையாகிப் போனது. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த ஒரு பெரியவரும் அவர் மனைவியும், கல்லூரியில் படிக்கும்போது காய்ச்சலில் இறந்துபோன தங்கள் ஒரே மகளின் நினைவாக, வருடத்துக்கு ஒரு பெண்ணை முழுச் செலவும் ஏற்றுப் படிக்க வைத்தார்கள். தோட்ட வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து நேரில் பார்த்த பிறகுதான் முடிவு சொல்வார்கள். நானும் பக்கத்து வீட்டில் இருந்த என் சிநேகிதியும் விண்ணப்பித்தோம். அவளுக்கு அப்பா இல்லை. இரண்டு பேரும் ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கித்தான் பாரத்தை நிரப்பினோம்.

எங்கள் வீட்டுக்குச் சனிக்கிழமை வருவதாகவும், அவள் வீட்டுக்கு அடுத்த வாரம் வருவதாகவும் தகவல் வந்தது. அம்மாவுக்கு உடனே பிரிட்ஜ் கண்ணை உறுத்தியது.

"இதப் பாத்தா உங்களுக்கு எதுக்கு ஒதவின்னுருவாங்க. ரெண்டு நாளைக்கு உங்க வீட்டுல கெடக்கட்டும் மதினி" என்று சிநேகிதியின் அம்மாவிடம் கேட்டாள். அவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு பேருமாகத் தூக்கினோம். நிலைப்படியில் இடித்து, சிரிப்பு தாங்காமல் நானும் அவளும் பாதியில் இறக்கி வைத்தோம். ஏமாற்றுகிறோம் என்றெல்லாம் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை வந்த பெரியவர் எங்கள் வீட்டைப் பார்த்தார். அவர் மனைவி தண்ணீர் வாங்கிக் குடித்தார். கிளம்பும்போது அந்த அம்மாள்தான் சொன்னார்: "பக்கத்து வீடுதான அந்தப் புள்ளையோடது? வந்ததோட அதையும் பாத்துட்டுப் போயிருவோம். இன்னொரு நடை எதுக்கு?"

அம்மா அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டில் சிநேகிதி மட்டும் இருந்தாள். அவள் அம்மா மலையில். நான் அவர்கள் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். ஒற்றை அறையில், பாயும் அடுப்பும் போக மீதி இடம் முழுக்க எங்கள் பிரிட்ஜ்தான் இருந்தது.

"இது யாருதும்மா?" என்றார் பெரியவர்.

அவள் அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எங்களுதுதாங்க. மாமா வாங்கிக் குடுத்தாரு."

நான் வாயைத் திறக்கவில்லை. பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது என்று எழுதினால் அதுவும் பொய். எனக்குப் படிப்பு வேண்டியிருந்தது. அதனால் சும்மா நின்றேன்.

உதவி எனக்குக் கிடைத்தது. அவளுக்கு, வீட்டில் வசதி இருப்பதால் இயலவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். நான் மதுரைக்குப் பஸ் ஏறினேன், அவள் தன் அம்மாவோடு ஜீப் ஏறினாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கல்லூரியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பாள். ஹாஸ்டலில் என்ன சாப்பாடு, லேப்பில் என்ன செய்வீர்கள் என்பாள். நான் எல்லாவற்றையும் குறைத்தே சொல்வேன். ஒரு தடவையாவது அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவே இல்லை என்பதில் எனக்கு அவள்மேல் எரிச்சல்கூட வந்தது, வெட்கக்கேடு.

இந்த வருடம் பெரியவர் போன் செய்தார். "எங்களுக்கு அலைய முடியலம்மா. இனிமே நாங்க படிக்க வச்ச புள்ளைகதான் வீடு பாத்துட்டு வரணும். நீ போயிட்டு வாரியா?"

வேறு எந்த வேலை என்றாலும் செய்திருப்பேன். இன்னொருத்தி வீட்டுக்குள் நின்று, இது யாருடையது என்று கேட்க என்னால் ஆகாது. நேரில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பத்து வருடமாக நெஞ்சில் கிடந்தது, சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டேன்.

அவருக்கு ஆச்சரியமே இல்லை. "அன்னைக்கே தெரியுமே. உங்க வீட்டுத் தரையில நாலு காலும் நின்ன தடம் இருந்துச்சு" என்றார். "ஒருத்திக்குத்தான் எங்களால ஆச்சு. மார்க்கு உனக்குத்தான் ஜாஸ்தி. அந்தப் புள்ள என்ன சொல்லியிருந்தாலும் உனக்குத்தான் குடுத்திருப்போம். மார்க்கு பத்தலைன்னு சொன்னா மனசு ஒடிஞ்சிரும்னு எங்க வீட்டம்மா சொன்னா. அதான் பிரிட்ஜ் மேல பழியப் போட்டோம்."

எனக்கு உடம்பே லேசானது. அவள் இழந்தது என்னால் இல்லை. அவளும் தன் வாயால் கெட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்தப் பாரமும் இன்றோடு தீரட்டும் என்று, அன்று சாயங்காலமே ஜீப் நிற்கும் இடத்துக்குப் போய்க் காத்திருந்தேன். அவள் கடைசியாக இறங்கினாள், கையெல்லாம் ஏலக்காய்க் கறை. நடந்துகொண்டே, அவர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன்.

"அப்ப, அது உங்களுதுன்னு நான் சொல்லியிருந்தாலும் உனக்குத்தான் கெடச்சிருக்குமா?"

"ஆமா புள்ள. உன்மேல தப்பே இல்ல."

அவள் தூக்குச்சட்டியைக் கை மாற்றிக்கொண்டாள்.

"இத நீ சொல்லாமயே இருந்திருக்கலாம்டி" என்றாள். "உன் படிப்பு நான் குடுத்ததுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் தெனமும் ஜீப் ஏறுனேன்."