குடலில் எவ்வளவு தூரம்

என் மூத்த சகோதரி ராத்தாவின் முதல் மகனுக்குப் பிறந்து மூன்றாம் நாள்தான் கறுப்பு மலம் போனது. அதுவும் தானாகப் போகவில்லை. பிரசவம் பார்த்த மாமி வெற்றிலைக் காம்பை ஆமணக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைத்தார். காம்பை எடுத்ததும் மடை திறந்ததுபோல் பீச்சியடித்து அவருடைய முந்தானையை நனைத்துவிட்டது.

"வாப்பாட வயலுக்குக் கூட இப்பிடித் தண்ணி பாயல்ல புள்ள!" என்று மாமி சிரித்தார். உம்மாவும் சிரித்தார்.

பிறகு அதுவே வழக்கமானது. வயிறு ஊதும், காம்பு வைப்பார்கள், பீச்சியடிக்கும், வயிறு வற்றும். அந்த வேகத்தைப் பார்த்துக் குடல் பலமாக இருக்கிறதென்று எல்லோரும் சொன்னார்கள். எங்கள் ஊரில் நாற்பது நாள் முடியாமல் பெற்றவளும் பிள்ளையும் வாசல் தாண்டுவதில்லை. நாற்பது முடிந்தபோது வயிறு கல்லாகி, பச்சையாக வாந்தி எடுத்தான். கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கிருந்து தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதல் படித்தவள் நான். அங்கே சத்திரசிகிச்சை டொக்டருக்குத் தமிழ் தெரியாது. அவருடைய ஆங்கிலத்தைத் தமிழில் சொல்ல என்னைவிட்டால் ஆளில்லை. அந்த ஆஸ்பத்திரி வாட்டில் நான் நிமிர்ந்துதான் நின்றேன்.

முதல் மலம் எப்போது போனது என்று கேட்டார். காம்பு வைத்ததையும் சேர்த்துச் சொன்னேன். அப்படிப் பீச்சியடிப்பதே நோயின் அடையாளம் என்றார். சில பிள்ளைகள் குடலின் கடைசிப் பகுதியில் நரம்பில்லாமல் பிறக்கிறார்கள். அந்த இடம் மலத்தைத் தள்ளாது. அது எவ்வளவு தூரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்து இரண்டு விரல் அகலம் காட்டினார். படம் சில நேரம் ஏமாற்றும், வயிற்றைத் திறந்தால்தான் நிச்சயம் என்றும் சொன்னார். அதுவரை பால் கொடுக்கக் கூடாது.

எல்லாவற்றையும் சொன்னேன். ராத்தா இரண்டு விரலை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"ரெண்டு விரல்தானே? வெட்டி எறிஞ்சா முடிஞ்சி."

"டொக்டர்ர விரலா, உன்ட விரலா?" என்றார் அவருடைய கணவர், என் மச்சான். அந்த வாட்டுக்கு வந்தபின் ராத்தா அன்றுதான் சிரித்தார்.

ஒப்பரேஷன் முடிந்து டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். இந்தமுறை விரல் காட்டவில்லை. பெருங்குடல் முழுவதிலும், சிறுகுடலின் பெரும்பகுதியிலும் நரம்பில்லை. வெட்டினால் உயிர்வாழக் குடல் மிஞ்சாது. இரத்தத்திலும் கிருமி ஏறிவிட்டது. "இனித் தாய் விரும்பினால் பால் கொடுக்கட்டும்," என்றார்.

பால் கட்டி ராத்தாவின் சட்டை நனைந்திருந்தது.

"என்னவாம்? பால் குடுக்கலாமாமா?"

"ஓம் ராத்தா. குடுக்கட்டாம்."

"அல்ஹம்துலில்லாஹ்! சுகமில்லாட்டிப் பால் குடுக்கச் சொல்லுவாங்களா?"

பிஸ்மி சொல்லிப் பிள்ளையை மடியில் வாங்கினார். நான் மச்சானை விறாந்தைக்குக் கூட்டிப்போய் அவருக்கு முதலில் சொன்னேன். பிள்ளை குடித்து முடியும்வரை இரண்டு பேரும் உள்ளே போகவில்லை.